ஈ மருந்து

2007 நவம்பர் 19, திங்கட்கிழமை. எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த சின்னமேட்டுக் குப்பத்தைச் சேர்ந்த கருணாகரன், வயது நாற்பத்து மூன்று, உப்பங்கழியில் இறால் தடவிவிட்டு வீடு திரும்பி, அன்று மதியத்துக்குள் அரசு மருத்துவமனையில் இறந்தார். பூச்சிமருந்து குடித்துத் தற்கொலை என்று காவல் நிலையத்தில் பதிவாயிற்று.

இறால் தடவுகிறவர்கள் கழியில் மார்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். அகப்படும் இறாலைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று இருக்கும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அலை கொஞ்சம் எழும்பினால் தண்ணீர் வாய்க்குள் போகும். துப்பிவிட்டு மறுபடி கடிப்பார்கள். அனல் மின் நிலையத்தின் சாம்பலும் வெந்நீரும் வந்து சேர்ந்த பிறகும் கழியில் இறால் அற்றுப்போகவில்லை. அதனால் இந்தத் தொழிலும் அற்றுப்போகவில்லை. தெற்குக் கரையில் ஒரு கம்பெனியின் கழிவுநீர் வந்து விழுகிற இடத்துக்கு மருந்துக் கால்வாய் என்று பெயர். மருந்துக் கம்பெனி என்றால் அந்தப் பக்கத்தில் மாத்திரை செய்யும் இடம் அல்ல. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து செய்யும் இடம்.

அன்று விடியற்காலை கருணாகரன் அந்தக் கால்வாய் விழும் பக்கமாகத்தான் தடவினான். வீட்டுக்கு வந்து பழைய சோறும் முந்தின நாள் குழம்பும் சாப்பிட்டான். மழைக்காலத்து இருமல் நெஞ்சில் கட்டியிருந்தது. மனைவி பட்டம்மாள் இருமல் மருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படுத்தவனுக்குக் கொஞ்ச நேரத்தில் எச்சில் வழிந்தது, வேர்த்துக் கொட்டியது, கால்சதை தானாகத் துடித்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"மருந்து குடிச்சாரா?"

"ஆமா சார். மருந்து குடிச்சிட்டுதான் படுத்தாரு."

"எவ்வளவு?"

"ஒரு மூடி சார். எப்பவும் அவ்ளோதான் குடுப்பேன்."

டாக்டர் அதற்குள் நர்ஸிடம் திரும்பியிருந்தார். பின்னால் நின்ற ஏட்டு முதல் பதிலை எழுதிக்கொண்டார். எந்த மருந்தைப் பற்றிக் கேட்டார்கள் என்பது பட்டம்மாளுக்கு மறுநாள் சவக்கிடங்கு வாசலில்தான் புரிந்தது. வயிற்றில் பூச்சிமருந்து இருந்தது என்று பின்னால் வந்த ரசாயன ஆய்வும் சொன்னது. அது எப்படி வயிற்றுக்குள் போயிற்று என்று சொல்வது ஆய்வின் வேலை அல்ல.

குப்பத்திலும் அதை நம்பக் காரணம் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் குழாயடியில் சண்டை. பட்டம்மாள் கருவாட்டுக்காரி. காசிமேட்டில் ஏலம் எடுத்த நெத்திலியை வலைமேல் பரப்பிவிட்டு, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடச் சொல்லிவிட்டுத் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மழை வந்தது. கருணாகரன் குடித்துவிட்டுத் தூங்கினான். நெத்திலி நனைந்து சொதசொதவென்றாகி, ஈ கருப்பாக அப்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள் ஊரைக் கூட்டினாள்.

"சொட்டு சொட்டா குடிச்சி ஏன்யா என் உசுர வாங்கிகினு கீற? ஒரே அடியா எதுனா மருந்தக் குடிச்சிட்டு சாவேன்! நானாச்சும் நிம்மதியா கீறேன்!"

அந்தக் குப்பத்தில் யாராவது யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிற வார்த்தைதான். மறுநாளே ஆள் செத்தது இந்த வீட்டில் மட்டும்.

மகன் பிரகாஷுக்கு இருபது வயது. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லாரிக்குக் கம்பி ஏற்றுகிறான். கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்று தாயிடம் வந்து நின்றான்.

"நைனாவ சாவ சொன்னியா?"

"கோவத்துல சொல்றதுதான்டா. சொல்லாத பொம்பள யாரு கீறா இங்க?"

"சொன்னியா, சொல்லலியா?"

"சொன்னேன்."

பையை எடுத்துக்கொண்டு பெரியப்பன் தண்டபாணி வீட்டுக்குப் போய்விட்டான். அதே தெருதான். வேலைக்குப் போகும்போது அம்மாவின் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். தலையைத் திருப்பாமல் போவான். பட்டம்மாள் அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்து வந்து வாசலில் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

பொங்கல் கழிந்து வெயில் ஏறியது. கருவாட்டுக்காரிகளுக்கு நல்ல நாட்கள் அவை. நீல டிரம்மில் உப்பைக் கரைத்து, மஞ்சள் போட்டு, ஈ மருந்து ஒரு மூடி விட்டு மீனை ஊறவைப்பார்கள். அப்புறம் கூடையில் அள்ளி வலைமேல் கொட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் விரலால் கீறிப் பரப்புவார்கள். மேகம் போட்டால் இரண்டு மூடி. வாளை, காரப்பொடி, நெத்திலி எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. ஈ ஒரு தரம் உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். புழு வைத்ததை எவரும் வாங்க மாட்டார்கள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் தோளில் ஐஸ் பெட்டி தொங்க ஒரு பெண் கழிக்கரையிலிருந்து ஏறி வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். முழங்கால் வரை சேறு. பட்டம்மாளோடு பரப்பிக்கொண்டிருந்த ராஜாத்தி சொம்பை நீட்டினாள். ராஜாத்திக்குப் புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள், வாய் அதிகம்.

"யாரும்மா நீ, பொல்யூசன் போர்டு ஆபீசா?"

"இல்லக்கா. காலேஜ். படிக்கிறேன்."

"இந்த வயசுலயா? எங்கூட்டுப் பொண்ணு எட்டாங்கிளாஸோட முடிச்சிட்டாளே."

"இது பிஎச்.டி.க்கா. இது முடியவே முடியாது."

பெண்கள் சிரித்தார்கள். பெயர் கார்குழலி, வீடு வியாசர்பாடி, அப்பா பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில்வே வேலை என்பதெல்லாம் அடுத்த சொம்பு காலியாவதற்குள் தெரிந்துபோயிற்று.

"பெட்டில இன்னா, ஐஸ் விக்கிறியா?"

"கால்வாத் தண்ணிக்கா. தண்ணில பூச்சிமருந்து கீதான்னு கண்டுபுடிக்க ஒரு சாமான் செஞ்சிகினு கீறேன். டி.என்.ஏ.வுல."

ராஜாத்தியின் கை நின்றது. "டி.என்.ஏ.வா? டிவில காட்றானே, புள்ள யாருதுன்னு பாக்குறது?"

"அதுதான்."

"ஏமே பட்டு, கேட்டியா சேதிய? கால்வாக்கு நைனா யாருன்னு பாக்கப் போறாங்களாம்!"

"அதுக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு?" என்றாள் இன்னொருத்தி. "மூஞ்ச பாத்தாலே தெரியுதே. அப்டியே கம்பெனிய உரிச்சி வெச்சிகீது."

கார்குழலி சிரித்து முடித்துக் குந்தி உட்கார்ந்தாள். "இது ஒடம்புல கீற டி.என்.ஏ. இல்லக்கா. மிஷின்ல செஞ்சது. நூலு மாதிரி. கோடி கோடி நூலு, ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. ஒவ்வொண்ணும் ஒரு தினுசா சுருட்டிக்கும். அத்தினியையும் பூச்சிமருந்து மேல ஊத்துவேன். ஒட்டாதத கழுவி வுட்டுடுவேன். ஒட்டிக்கினத மட்டும் எடுத்துப் பெருக்கி, திரும்ப ஊத்துவேன், திரும்ப கழுவுவேன். கடைசில ஒரு நூலு நிக்கும். மருந்தக் கண்டா வுடாது, கப்புனு புடிச்சிக்கும். அதும் வால்ல ஒரு வெளக்கு கட்டி வெச்சிகீறேன். புடிச்சா எரியும்."

"எவ்ளோ நாளா கழுவுற?"

"மூணு வருசமா."

"நான் இருவது வருசமா மீனு கழுவுறேன், எனக்கு ஒரு பட்டமும் குடுக்கல கஸ்மாலங்க."

பட்டம்மாள் விரலில் ஒட்டிய செதிலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். "செத்த ஆள பாத்து சொல்லுமா அது?"

"இன்னாக்கா?"

"எம் புருசன் குடிச்சி செத்தாரா, கால்வாத் தண்ணி வாயில போயி செத்தாரா. சொல்லுமா?"

கார்குழலி மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணில கீதா, இல்லியான்னுதான்க்கா சொல்லும். ஆளப் பத்தி சொல்லாது."

"தண்ணில கீதுன்னு சொல்லட்டும். எம் புள்ள கேட்டுக்குவான்."

அது எளிதில் நடக்கவில்லை. ஆய்வகத்தில் குழாய்த் தண்ணீரில் ஒழுங்காக எரிந்த நூல், கழித் தண்ணீரில் எரியவில்லை. கழியின் உப்பில் நூலின் சுருட்டல் கலைந்துபோனது. குழாய்த் தண்ணீர் முடிவுகளே பட்டத்துக்குப் போதும், அதோடு எழுதி முடி என்று அவளுடைய பேராசிரியர் சொன்னார். கார்குழலி எழுதி முடிக்கவில்லை. உப்புத் தண்ணீரிலேயே வைத்து மறுபடி கழுவத் தொடங்கினாள். பேசின் பிரிட்ஜில் ரயிலேறி எண்ணூரில் இறங்கி, கால்வாயிலிருந்து தண்ணீர் எடுத்துப்போனாள். வரும்போதெல்லாம் பட்டம்மாள் வீட்டில் சோறு. ஒரே ஒரு கேள்விதான்: "எரியுதா?"

2008 ஜூலையில் எரிந்தது.

பட்டம்மாள் சாத்தாங்காட்டுக்குப் போனாள். லாரியின் பின்னால் கம்பிக்கட்டுகளைத் தோளில் வாங்கிக்கொண்டிருந்த பிரகாஷ் அவளைப் பார்த்தும் பார்க்காதவன்போல் வேலையைத் தொடர்ந்தான். கம்பி மோதும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வா!"

"இன்னாத்துக்கு?"

"அந்தப் பொண்ணு வருது. டெஸ்ட்டு காட்டும். நைனா இன்னாத்துல செத்தாருன்னு தெரியும்."

"எனக்குத் தெரியும், போ."

"ஒரு தபா வந்து பாரு. அப்பால நீ எங்கிட்ட பேசவே வேணாம். நான் செத்தா கொள்ளி கூட வெக்காத."

"யோவ், உங்கம்மாவா? வயியில நிக்குதுய்யா, கம்பி குத்திடப் போவுது!" என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான். பிரகாஷ் அவள் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் அவளைத் தொட்டது அதுதான். "வரேன், போ" என்றான்.

ஞாயிறு மதியம் வந்தான். தண்டபாணியும் வந்து, நாற்காலியை வாசற்படிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான். ராஜாத்தியும் நாலைந்து பெண்களும் சுவரோரம். கார்குழலி கொண்டுவந்தது கருப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. உள்ளே நீல விளக்கு; வெளியே கண் வைத்துப் பார்க்க ஓர் ஓட்டை. சோதனைக் குழாயை மேலே சொருகி, ஓட்டையில் கண்ணை வைக்க வேண்டும். வெளியாருக்கு இப்படிக் காட்ட அவளுக்கு அனுமதி இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருட வேலையை வெளியே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது.

முதலில் கடையில் வாங்கிய பாக்கெட் தண்ணீர். பிரகாஷ் பார்த்தான். "ஒண்ணும் இல்ல. இருட்டு."

அடுத்தது கால்வாய்த் தண்ணீர். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. "பச்சையா கீது. மின்மினி மாதிரி."

"தள்ளு" என்று தண்டபாணி எழுந்து வந்து பார்த்தான். பார்த்துவிட்டு, "இது கால்வால கீதுன்னு எனக்கே தெரியும்மா. மூக்கு இல்ல எனக்கு? அவன் குடிக்கலன்னு இது சொல்லுதா?" என்றான்.

பட்டம்மாள் அதற்குத் தயாராக இருந்தாள். பழைய இருமல் மருந்துப் பாட்டிலை மடியிலிருந்து எடுத்தாள். "இத்தப் பாரு. அன்னிக்கு இதுலேருந்துதான் குடுத்தேன்."

இருமல் மருந்தில் எரியவில்லை. ராஜாத்தி, "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். பட்டம்மாள் முகம் தெளிந்தது. ஆனாலும் அவளுக்கு இன்னும் வேண்டியிருந்தது. தண்டபாணி வாயை ஒரேயடியாக அடைக்க வேண்டியிருந்தது.

"கம்பெனித் தண்ணி படாத எதுலயும் எரியாது, அப்டித்தானே?"

"எரியக் கூடாதுக்கா."

பட்டம்மாள் எழுந்து உறியிலிருந்த கூடையை இறக்கி, வெள்ளிபோல் காய்ந்த நெத்திலியில் ஒரு பிடி அள்ளினாள். "இது கடல் மீனு. காசிமேட்டுல வாங்குனது. கயித் தண்ணி இது மேல பட்டதே இல்ல. பாக்கெட் தண்ணில கயுவி வெச்சிப் பாரு. எங்கையால செஞ்சது, இத வுட சுத்தமா இந்தத் தெருவுல ஒண்ணு கெடையாது."

கார்குழலி நெத்திலியை அலசிய தண்ணீரை வடிகட்டிக் குழாயில் விட்டு, நூலைச் சேர்த்துச் சொருகினாள். முதலில் தானே பார்த்தாள். குழாயை எடுத்தாள். புதிதாக இன்னொரு குழாயில் செய்து மறுபடி பார்த்தாள்.

"இன்னாம்மா?" என்றான் பிரகாஷ்.

அவள் விலகிக்கொண்டாள். அவன் குனிந்தான். கால்வாய்த் தண்ணீரில் மின்மினியாக இருந்தது இதில் விளக்காகவே எரிந்தது. "யம்மா" என்று மட்டும் சொன்னான்.

"இதுல இன்னாக்கா போட்டீங்க?" என்றாள் கார்குழலி.

"இன்னாத்தப் போடுவாங்க? உப்பு, மஞ்சா..." பட்டம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஈ மருந்து."

"அது இன்னா மருந்து?"

"ஈ வராத மருந்து. மார்க்கெட்டாண்ட கடையில விக்கிறான். எல்லாருந்தான் போடுறோம். அது பூச்சிமருந்து இல்லம்மா. ஈக்கு."

ராஜாத்தி போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். கார்குழலி லேபிளைப் படித்தாள். வயலுக்கு அடிக்கும் அதே குடும்பத்து மருந்துதான். அவளுடைய நூல் பிடிப்பது அந்தக் குடும்பத்துக்கே பொதுவான தலையை. அண்ணன் தம்பி என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லத் தெரியாது. இதை அவள் அவர்களுக்குப் புரியும்படி சொன்னாள். கேட்டார்களா என்று தெரியவில்லை.

"அன்னிக்குக் காத்தால நைனா இன்னா துன்னாரு?" என்றான் பிரகாஷ்.

"பழைய சோறு. கொயம்பு."

"இன்னா கொயம்பு?"

"நெத்திலி."

"மயையில நனைஞ்சதா?"

பட்டம்மாள் தலையாட்டினாள். "ஈ ரொம்ப மொச்சிகினு இருந்திச்சி. மூணு மூடி வுட்டேன்."

"நீ துன்னலியா?"

"நானுந்தான் துன்னேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே."

"கொயம்பு கொதிக்கும்போது பாதிக்கு மேல போயிடும்க்கா" என்றாள் கார்குழலி. "அது மட்டும் ஆள சாவடிக்காது. கால்வாத் தண்ணிதான் பெருசா இருக்கணும். ஆனா..."

தண்டபாணி நாற்காலியை மடக்கினான். "நல்லா கீதுடா உங்க டெஸ்ட்டு. கம்பெனிக்காரன் கேட்டா மால போடுவான்."

எல்லோரும் போன பிறகும் பிரகாஷ் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன், "நைனா குடிக்கல" என்றான். "எதுலயோ போச்சு. ஆனா அவரா குடிக்கல." பிறகு, "சோறு கீதா?" என்று கேட்டான்.

பட்டம்மாள் மீன் சட்டியைத் தொடவில்லை. ரசம் வைத்து, ஊறுகாயோடு போட்டாள். அன்று இரவு அவன் பெரியப்பன் வீட்டிலிருந்து பையை எடுத்து வந்தான்.

அடுத்த திங்களன்று தாயும் மகனும் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவார் என்று பதில் வந்தது. பிரகாஷ் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொடுத்தான். "கால்வாயையும் சொல்லு. ஈ மருந்தயும் சொல்லு. ரெண்டயும் சொல்லிடணும். ஒண்ண மறச்சா இன்னொண்ணையும் நம்ப மாட்டான்."

இந்தச் சேதி கருவாட்டுக்காரிகளுக்குப் போனது. ஒரு காலையில் ராஜாத்தி வந்து, உட்காராமல் நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"இன்னாமே பட்டு, அதிகாரிகிட்ட ஈ மருந்து கத சொல்லப் போறியாமே?"

"கேட்டா சொல்லணும்ல."

"சொல்லு. பேப்பர்காரன் போடுவான். எண்ணூர் கருவாட்டுல வெசம்னு போடுவான். அப்பால மார்க்கெட்டுல நம்ம கூடைய எவ தொடுவா?"

"இனிமே போடாம இருந்துட்டா..."

"ஐப்பசியில போடாம காய வெச்சிக் காட்டேன். புயுவ அள்ளி என் புள்ளைங்களுக்குப் போடவா?" ராஜாத்தி கிட்டே வந்தாள். "உம் புருசன் செத்ததுக்கு நான் அயுவலியா? உன்ன ஆஸ்பத்திரிலேருந்து இட்டாந்தது யாரு? எம் புள்ளைங்க வாயில மண்ணப் போடாத பட்டு."

"அப்போ கால்வாய ஒண்டி சொல்றேன்."

அதற்குப் பதில் தண்டபாணி கொண்டுவந்தான். கம்பெனி ஆள் ஒருவர் அவனை டீக்கடையில் பார்த்துப் பேசியிருந்தார். "மரியாதையாதான் பேசுனாரு. அந்தம்மா கால்வான்னு சொன்னா, நாங்க கருவாட்டயும் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுவோம்னாரு. ரெண்டும் ஒரே எடத்துல நிக்கட்டும்னாரு."

"அவருக்கு யாரு மாமா சொன்னது?" என்றாள் பட்டம்மாள்.

தண்டபாணி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை பட்டம்மாள் வலையிலிருந்து வாளையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரகாஷ் வேலையிலிருந்து வந்து எதிரில் நின்றான்.

"நாளைக்கி சொல்லுவல்ல?"

"நைனா அவராவே குடிச்சாருன்னா இன்னாடா?"

"இன்னா சொல்ற?"

"அவரா குடிச்சிருந்தா அது அவரு கை. இல்லன்னா யாரு கை? நீயே சொல்லு. கொயம்பு ஊத்துனது யாரு?"

"கால்வாதான் பெருசுன்னு அந்தக்காவே சொல்லிச்சே."

"ஆனான்னும் சொல்லிச்சே."

"யம்மா, லூசு மாதிரி பேசாத. எட்டு மாசம் நைனாவ நான் கோயைன்னு நெனச்சிகினு இருந்தேன். அத்த மட்டும் மாத்திக் குடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் வாளையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

விசாரணை குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மின்விசிறி ஓடவில்லை. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டார். ஒரு பக்கம் கம்பெனி ஆட்கள் இருவர். இன்னொரு பக்கம் கருவாட்டுக்காரிகள் தரையில். கார்குழலி கடைசியில் நின்றிருந்தாள். அவளைக் கேட்டபோது சோதனையைப் பற்றிச் சொன்னாள். அது அரசு ஏற்றுக்கொண்ட சோதனை முறையா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றாள். உட்காரச் சொன்னார்.

பட்டம்மாள் எழுந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா இறந்தாரு?"

அவள் பிரகாஷைப் பார்க்கவில்லை. ராஜாத்தியையும் பார்க்கவில்லை.

"முந்தின நாளு சண்ட சார். நான்தான் வாய் தவறி சாவுன்னு சொன்னேன். ரோசக்காரரு. வாங்கியாந்து குடிச்சிட்டாரு."

"நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"மனுவுல வேற எழுதியிருக்கே?"

"புள்ள எயுதுனது சார். அவனுக்குத் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ராஜாத்தி பட்டம்மாளின் கையைப் பிடிக்க வந்தாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிரகாஷ் அதற்குள் கூடத்தை விட்டுப் போயிருந்தான்.

கார்குழலியின் கட்டுரை அடுத்த ஆண்டு வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தது. குழாய் நீரிலும் நெல் வயல் நீரிலும் அந்த நூல் நன்றாக வேலை செய்கிறது என்று அதில் இருந்தது. கழியைப் பற்றியோ கருவாட்டைப் பற்றியோ ஒன்றும் இல்லை. கம்பெனி கால்வாயின்மேல் சிமென்ட் பலகை போட்டு மூடியது. தண்ணீர் அடியில் வழக்கம்போல் போகிறது.

பிரகாஷ் விசாரணையன்று சாத்தாங்காட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. கூட வேலை செய்கிறவர்களோடு அறை எடுத்துக்கொண்டான். 2010 மே மாதம் மணலியில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் தகப்பன் பெயருக்கு முன்னும் தாய் பெயருக்கு முன்னும் காலஞ்சென்ற என்று அச்சாகியிருந்தது. பட்டம்மாள் அன்று திருவொற்றியூர் மார்க்கெட்டில் கருவாடு விற்றாள்.